பழைய பங்களாவின் கணப்புக்குள் பழைய இரும்பு விறகடுப்பு: வாங்கலாமா, வேண்டாமா?

மாறாமலை_கிராம்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு மாறாமலைப் பக்கம் கொஞ்சம் கிராம்புத் தோட்டம் இருக்கிறது. அதோடு சேர்ந்து வந்தது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஒரு சின்ன பங்களா. கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே ஓடு. கீழே நாகர்கோவிலில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாத நாளிலும் அங்கே போர்வை வேண்டும். குளிரைக்கூடத் தாங்கிவிடலாம். ஈரம்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஆனி ஆடிச் சாரல் ஆரம்பித்தால் சுவர் வியர்க்கிறது, மெத்தையில் பூசணம், அலமாரித் துணியில் ஒரே நாற்றம். ஐப்பசி அடைமழையில் இதெல்லாம் இன்னும் மோசம்.

முன் அறையில் அந்தக் காலத்துக் கணப்பு ஒன்று இருக்கிறது. விறகு வைத்தால் பாதிப் புகை அறைக்குள் வருகிறது, சூடு முழுக்க மேலே போய்விடுகிறது. அம்மாவுக்கு இழுப்பு உண்டு, அதனால் அவர் இருக்கும்போது பற்றவைப்பதே இல்லை.

இப்போது கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள். அங்கே கணப்புக்குள்ளேயே சொருகி வைக்கும் இரும்பு அடுப்பு ஒன்று விலைக்கு இருக்கிறது. இன்சர்ட் என்கிறார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, காற்றுக்கு இரண்டு தள்ளுகுமிழ், பின்னால் ஒரு ஊதுவிசிறி. யாரோ அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்ததாம். 35,000 ரூபாய் கேட்கிறார், வண்டிக்கூலி தனி. படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. நான் இன்னும் நேரில் போகவில்லை. போனால் எதை எதைப் பார்க்க வேண்டும்? நம்ம ஊர் மழைக்கும் விறகுக்கும் இது ஒத்துவருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குலசேகரம்_ரப்பர்:

அடுப்பு இருக்கட்டும் அண்ணாச்சி, விறகு என்ன போடப் போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

எங்களிடம் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை இருக்கிறது. ஈரவிறகு போட்ட வாரத்தில் புகை போகும் குழாயைத் திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பாக, பிசுபிசு என்று, விரலில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் போகாத ஒரு பூச்சு பிடித்திருக்கும். காய்ந்த விறகு எரித்த வாரத்தில் வெறும் சாம்பல்தூசிதான் இருக்கும். குழாயும் ஆளும் ஒன்றுதான், விறகு மட்டும்தான் வேறு.

பச்சை ரப்பர் மரத்தில் தண்ணீர் அவ்வளவு இருக்கும். வெட்டிப் போட்டு அப்படியே விட்டால் நீலம் பாயும், வண்டு துளைத்து மாவாக்கும். ஓக்கிப் புயலில் விழுந்த மரங்களைத் தூக்க ஆள் கிடைக்காமல் எத்தனை பேர் தோட்டத்தில் அப்படி வீணாகப் போனது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். உடனே பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் ஓலையோ ஷீட்டோ போட்டு, பக்கம் திறந்து காற்றோட விட வேண்டும். தை மாசியில் பிளந்தால் சித்திரை வெயில் முழுக்கக் கிடைக்கும். சாரல் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும்.


வடக்கே_ஒரு_விளவங்கோட்டுக்காரன்:

நான் களியக்காவிளைக்காரன், பல வருடமாகக் கனடாவில் இருக்கிறேன். இங்கே விறகு அடுப்பு இல்லாத கிராமத்து வீடு குறைவு. எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வீடே எரிந்துபோகிற அளவுக்கு ஆபத்து இருக்கிறது.

முதலில் ஒன்று. உங்கள் கணப்பில் புகை அறைக்குள் வருவதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்காமல் அதன் வாயில் இரும்பு அடுப்பைச் சொருகினால், அதே சிமினிதான் அந்த அடுப்புக்கும் மூச்சு. அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிமினி இழுக்காவிட்டால் எரியாது.

இரண்டாவது, பழைய காலத்தில் இங்கே ஒரு பழக்கம் இருந்தது. இன்சர்ட்டைக் கணப்புக்குள் தள்ளிவிட்டு, ஓரத்தைத் தகடு வைத்து மூடிவிட்டு, குழாய் எதுவும் இணைக்காமல் விட்டுவிடுவார்கள். புகை தானாகப் பெரிய சிமினிக்குள் போய்க்கொள்ளும் என்று கணக்கு. திறந்த கணப்பில் நிறைய காற்று சேர்ந்து புகை சூடாக, வேகமாக மேலே போகும். அடைத்த அடுப்பில் காற்று குறைவு, புகையும் குறைவு. அது அகலமான குளிர்ந்த செங்கல் சிமினிக்குள் போனால் மெதுவாக ஊர்ந்து, வழியிலேயே குளிர்ந்து, சுவரில் தாராகப் படியும். கிரியோசோட் என்று இதற்குப் பெயர். குலசேகரம் அண்ணன் சொன்ன அந்தப் பிசுபிசுப்பு இதுவேதான். ஒருநாள் அது தீப்பிடித்தால் சிமினிக்குள் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். சுண்ணாம்புக் காரை விரிசல் விடும், விரிசலுக்குப் பின்னால் மரம் இருந்தால் கூரை போச்சு.

அதனால் அடுப்பின் வாயிலிருந்து சிமினி உச்சி வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கித்தான் இணைக்க வேண்டும். குழாயைச் சுற்றி வெப்பக்காப்பும் வேண்டும். 35,000 ரூபாய் என்பது அடுப்புக்கு மட்டும். குழாய், உச்சி மூடி, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நேரில் போனால் பார்க்க வேண்டியது:

அறையை இருட்டாக்கி, அடுப்புக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது அல்லது வெல்டிங் விட்டிருக்கிறது. மேல்தகட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை வாங்காதீர்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் கதவோரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிறு போய்விட்டது. கயிறு மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் மிகப் பழைய அடுப்பென்றால் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு எடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் கடையில் கிடைக்கும் கண்ணாடியைப் போட முடியாது, அதற்கென்று உள்ள செராமிக் கண்ணாடிதான் தாங்கும். உள்ளே இருக்கும் நெருப்புச் செங்கல் உடைந்திருந்தால் கவலை இல்லை, மாற்றிக்கொள்ளலாம்.

பின்பக்கம் தகட்டில் வருடமும் புகை அளவுக்கான சான்றும் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் விறகடுப்புப் புகைக்கான முதல் மத்திய விதி 1988-ல் வந்தது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் விறகை அரைகுறையாக எரித்துப் புகையாகத் தள்ளுபவை. ஒரேகான் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது சான்று இல்லாத விறகடுப்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஆக, பழசு என்பதாலேயே அது பொக்கிஷம் ஆகிவிடாது.


மாறாமலை_கிராம்பு:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணன். தகட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். 1983 என்று இருக்கிறது. புகைவாய் 8 அங்குல வட்டம். விசிறியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது.

கணப்பின் வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 20 அங்குல ஆழம். சிமினி உள்ளளவு 9-க்கு 9. கயிறு விட்டு அளந்ததில் உயரம் 20 அடிக்குக் கொஞ்சம் கூட.


வடக்கே_ஒரு_விளவங்கோட்டுக்காரன்:

> விசிறியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்

நேராக நம்ம கரண்டில் கொடுத்தால் சுருள் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் நம்மிடம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மெதுவாகச் சுற்றும். இன்சர்ட்டின் உடம்பு முழுக்கச் சுவருக்குள் இருப்பதால் விசிறி நின்றால் அறைக்கு வரும் சூடு நன்றாகக் குறைந்துவிடும். மலையில் காற்றும் மழையும் வந்தால் முதலில் போவது கரண்ட்தானே? உங்களுக்கு அடுப்பு தேவைப்படும் அதே ராத்திரியில்தான் விசிறி நிற்கும்.


தக்கலை_கொத்தனார்:

சார், அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, சுவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அளவைப் படித்தவுடன் புகை ஏன் உள்ளே வருகிறது என்று புரிந்துவிட்டது.

கணப்பு வாயின் பரப்புக்கும் சிமினிக்கும் ஒரு கணக்கு உண்டு. சிமினித் துளை, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வட்டக் குழாய் என்றால் பன்னிரண்டில் ஒன்று போதும். உங்கள் வாய் 36-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,080 சதுர அங்குலம். சிமினி 81. பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு பெரிய வாயில் போகிற காற்றையும் புகையையும் அந்தத் துளை வாங்க மாட்டேன் என்கிறது. மிச்சம் அறைக்கு வருகிறது.

சிமினியை அகலமாக்க முடியாது, வாயைச் சின்னதாக்கலாம். ஒரு பைசா செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு தகரத்தை வாயின் மேல்பக்கம் குறுக்காகப் பிடித்து, நல்ல காய்ந்த விறகில் தீ மூட்டி, தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் புகை சட்டென்று நின்று மேலே திரும்பும். அங்கே கரியால் கோடு போடுங்கள். என் கணக்குப்படி 7 அங்குலம் இறக்கினால் 36-க்கு 23, அதாவது 828. 81-க்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அங்கேதான் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. டார்ச் அடித்து சிமினியின் உள்சுவரைப் பாருங்கள். பழைய பங்களாக்களில் கூரை உத்திரத்தின் முனையைச் சிமினிச் சுவரில் சொருகி வைத்திருப்பார்கள். திறந்த கணப்பு எப்போதாவது எரிந்தவரை ஒன்றும் ஆகியிருக்காது. இரும்பு அடுப்பு வைத்து ராத்திரி முழுக்க எரித்தால் அந்த மரம் சூட்டிலேயே வறண்டு, கருகி, என்றாவது பிடித்துக்கொள்ளும். தேக்கோ அயினியோ, எதுவானாலும்.

உச்சியில் தேன்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத் தீ மூட்டுங்கள். மலையில் மூடிக்கிடக்கும் சிமினியைத் தேனீ விடாது.


ஆரல்வாய்மொழிக்_காற்று:

கொத்தனார் சொன்னதோடு சேர்த்துக் காற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் காற்றாலை சும்மா வைக்கவில்லை. கணவாய்க் காற்று அடிக்கும்போது தாழ்ந்த புகைக்கூண்டில் புகை கீழே திரும்பி அடுக்களைக்குள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

விதி இதுதான். சிமினி, கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் இருக்க வேண்டும். அதோடு 10 அடி தூரத்துக்குள் கூரையின் எந்தப் பாகம் இருந்தாலும் அதைவிட 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும். உங்கள் சிமினி உச்சி முகட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? பக்கத்தில் மலைச்சரிவோ பெரிய மரமோ உண்டா?


மாறாமலை_கிராம்பு:

முகட்டிலிருந்து 8 அடி தள்ளி இருக்கிறது. முகட்டைவிட ஒரு அடி தாழ்வு! இத்தனை நாளும் யாரும் இதைச் சொல்லவில்லை. மேற்குப் பக்கம் சரிவு, சாரல் காற்று அங்கிருந்துதான் இறங்கி வரும்.


ஆரல்வாய்மொழிக்_காற்று:

அப்படியென்றால் 3 அடி ஏற்றுங்கள். ஏற்றின பிறகு மழை விழாமல் மேலே ஒரு கல்பலகையை நான்கு காலில் நிறுத்துங்கள். பக்கம் திறந்திருக்க வேண்டும்.


கொல்லங்கோட்டு_நர்ஸ்:

தம்பி, இதை யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும்போது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி படித்திருப்பீர்கள். புகை கண்ணுக்குத் தெரியும்போதைவிடக் கங்காகக் கனன்றுகொண்டிருக்கும் நேரம்தான் மோசம், ஏனென்றால் புகை நின்றுவிட்டது என்று நம்பிச் சிமினியை மூடும் தகட்டையும் சன்னலையும் அடைத்துவிடுவோம். கங்கு முழுக்க அணையும்வரை தகட்டை மூடாதீர்கள். படுக்கும் அறையில் ஒரு சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரம் மாட்டுங்கள். அம்மாவுக்கு இழுப்பு என்கிறீர்கள். அவர் இருக்கும் அறையில் புகை துளிகூடக் கசியக்கூடாது. அது நிச்சயமாகும்வரை அவருக்கு வேறு அறை.


குளச்சல்_கடற்கரை:

எங்கள் பக்கம் கரையில் ஒதுங்கும் மரம், பழைய வள்ளத்துப் பலகை எல்லாம் சும்மா கிடைக்கும். நல்லா காய்ந்தும் இருக்கும். வேண்டுமா?


குலசேகரம்_ரப்பர்:

அது வேண்டாம் அண்ணே. உப்பேறின மரம் எரிந்தால் இரும்பை அரித்துவிடும், எஃகுக் குழாயையும் விடாது. பலகையில் பெயின்ட் வேறு இருக்கும்.

சொல்லவேண்டிய இன்னொன்று, அண்டித்தோடு, அதாவது முந்திரிக்கொட்டைத் தோடு. அண்டி ஆபீஸ்களிலிருந்து (முந்திரி ஆலைகள்) மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதன் எண்ணெய் தோலில் பட்டாலே புண்ணாகும். எரித்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும், சிமினி முழுக்கத் தாராகும். தளவாடப் பட்டறையில் மருந்தில் முக்கி எடுத்த ரப்பர் பலகைத் துண்டும் வீட்டுக்குள் வேண்டாம். சிரட்டை நல்லதுதான், ஆனால் மூட்டுவதற்கு ஒரு கை அளவு போதும். நிறைய போட்டால் சூடு கட்டுக்கு அடங்காது. கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) காய்ந்த ஓலையும் மூட்ட, புளி அல்லது நன்றாகக் காய்ந்த ரப்பர் நின்று எரிய. இதுவே போதும்.

விறகு காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். டங் என்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். ஈரமானி என்று சின்னக் கருவி கிடைக்கிறது. பிளந்த முகத்தில் குத்திப் பார்த்தால் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும்.


வேளிமலை_அடிவாரம்:

மேலே வீடு என்பதால் ஒரு விஷயம். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-லேயே அறிவிக்கப்பட்டது. தோட்டத்து எல்லைக்கு வெளியே காய்ந்து கிடக்கும் சுள்ளியானாலும் தொடாதீர்கள். சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் மலைப்பகுதியில் வெட்ட அனுமதி வேண்டிய இடங்கள் உண்டு, 1955-ல் போட்ட சட்டமே இருக்கிறது. கீழிருந்து விறகு ஏற்றினால் ரசீதைக் கையில் வைத்திருங்கள், சோதனைச்சாவடியில் கேட்பார்கள்.


மாறாமலை_கிராம்பு:

மேலே போய் வந்தேன். கொத்தனார் அண்ணே, தகரத்தை இறக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஓரிடத்தில் புகை அப்படியே திரும்பிவிட்டது. கோடு வாயின் மேல்விளிம்பிலிருந்து 7 அங்குலத்துக்கு ஒரு விரற்கடை கீழே. அரை மணி நேரம் எரித்தும் அறைக்குள் புகை வாடையே இல்லை. ஆனால் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தபோது ஒருமுறை பக்கென்று உள்ளே தள்ளியது. அது ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்ன விஷயம்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் கூரை மட்டத்துக்கு அருகே ஒரு உத்திரத்தின் முனை சிமினிச் சுவருக்குள் வந்திருப்பது தெரிகிறது. அதைச் சுற்றிக் காரை உதிர்ந்து மரம் வெளியே தெரிகிறது. ஓரம் கறுத்திருக்கிறது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது.

கொடைக்கானல் அடுப்பு விஷயத்தில் ஒரு சந்தேகம். 8 அங்குல வாய்க்கு 6 அங்குலக் குழாய் இறக்கினால் சிமினிக்குள் லேசாகப் போகும் என்று விற்கிறவர் சொல்கிறார். சரியா?


வடக்கே_ஒரு_விளவங்கோட்டுக்காரன்:

சரியில்லை. 8 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், 6 அங்குலத்தில் 28. பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை முகத்தில் அடிக்கும். 1983 அடுப்புக்கு அதன் முழு அளவுக் குழாய் வேண்டும். 8 அங்குலக் குழாயைச் சுற்றி அரை அங்குல வெப்பக்காப்பு போட்டாலே மொத்தம் 9 ஆகிவிடும். உங்கள் சிமினியும் 9. காரை ஒரு இடத்தில் துருத்திக்கொண்டிருந்தாலும் குழாய் அங்கே மாட்டிக்கொள்ளும். காப்பு இல்லாமல் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த உத்திர முனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடுப்பு உங்கள் வீட்டுக்கானது இல்லை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பிற்காலத்தில் அடைத்த அடுப்புதான் வேண்டும் என்று தோன்றினால் 6 அங்குல வாய் உள்ள புதிய, சின்ன அடுப்பாகப் பாருங்கள். காப்போடு 7 அங்குலம், உங்கள் சிமினிக்குள் தாராளமாக இறங்கும். கணப்புக்கு வெளியே தரையில் நிற்கும் வகை என்றால் விசிறி இல்லாமலே சூடு தரும்.

அதுவரை இருக்கிற கணப்பையே திருத்தலாம். ரம்ஃபோர்ட் என்பவர் 1796-லேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக வைத்தால் நெருப்பின் சூடு அறைப்பக்கம் திரும்பும். 20 அங்குல ஆழம் உங்களுக்கு அதிகம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், திறந்த கணப்பு எவ்வளவு திருத்தினாலும் அடைத்த அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் வராது. ஈரத்தை ஓட்டும், மாலையில் உட்கார இதமாக இருக்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க வீட்டைச் சூடாக வைக்க முடியாது.


மாறாமலை_கிராம்பு:

புரிந்தது. கொடைக்கானல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் அண்ணே, உத்திர முனையை வெட்டி எடுத்து, சிமினிக்கு வெளியே தனித்தூண் கொடுத்துத் தாங்கவைத்து, ஓட்டையை அடைத்து, வாயைக் கரிக்கோடு வரை இறக்கி, உச்சியை 3 அடி ஏற்றுவது. இதுதான் வேலை. நீங்களே வந்து செய்ய முடியுமா? கீரிப்பாறையிலிருந்து மேலே ஜீப்பில்தான் சாமான் ஏற்ற வேண்டும், அதனால் எவ்வளவு தேவை என்று முன்னாலேயே தெரிந்தால் நல்லது.


தக்கலை_கொத்தனார்:

வருகிறேன் சார். மாசியில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும், சாரலுக்கு முன்னால் காரை நன்றாக இறுகிவிடும்.

உச்சிக்கு நாலரை அங்குலச் சுவர் என்றால் ஒரு வரிக்கு 6 செங்கல், 3 அடிக்கு 11 வரி. உடைசலுக்கும் சேர்த்து 80 கல் ஏற்றுங்கள். பழைய சுவர் சுண்ணாம்பு என்பதால் புதியதும் சுண்ணாம்புக் காரையே, ஒன்றுக்கு மூன்று மணல். வெறும் சிமென்ட் வைத்தால் பழையதோடு சேராமல் வாய்விடும். நெருப்பு நேராகப் படும் இடத்துக்கு மட்டும் நெருப்புச் செங்கல்லும் அதற்கான களிமண்ணும். அதை நான் நாகர்கோவிலில் பார்த்து எடுத்து வருகிறேன். வாயின் மேல்பக்கத்துக்குச் செங்கல் வேண்டாம், 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை மடக்கிப் பொருத்தினால் போதும், பிற்காலத்தில் அடுப்பு வைப்பதென்றால் கழற்றிவிடலாம்.

வேலை முடிந்த உடனே பெரிய தீ மூட்டக்கூடாது. சில வாரம் விட்டு, முதலில் சிரட்டைத் தீ, அப்புறம் சின்ன விறகு. சாரத்துக்கு மூங்கில் மேலே உண்டா, இல்லை அதையும் ஏற்ற வேண்டுமா?


மாறாமலை_கிராம்பு:

தோட்டத்திலேயே இருக்கிறது அண்ணே, வெட்டி வைக்கச் சொல்கிறேன். நர்ஸ் அக்கா, சிஓ அலாரம் இரண்டு ஆர்டர் போட்டுவிட்டேன், ஒன்று முன் அறைக்கு, ஒன்று அம்மா படுக்கும் அறைக்கு. குலசேகரம் அண்ணனிடம் பிளந்த ரப்பர் விறகு ஒரு லோடு இருந்தால் விலை சொல்லுங்கள், ஜீப் செங்கல் எடுக்க வரும்போதே அதையும் ஏற்றிக்கொள்ளலாம்.


குலசேகரம்_ரப்பர்:

பிளந்தது இருக்கிறது, ஆனால் இன்னும் பச்சை. இப்போதே எடுத்துக்கொண்டு போய் அங்கே வெயில்படும் பக்கமாக அடுக்குங்கள். சித்திரை கழிந்து ஈரமானி வைத்துப் பார்த்துவிட்டு எரியுங்கள். விலையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.